அவுட்லைனரில் முன்னுரிமை வைக்க எந்த விசைகளைக் கொடுப்பது? தமிழில் தட்டச்சு செய்பவர்கள் யோசனை சொல்லுங்கள்

வயல்வரப்பு எழுதியது:

வணக்கம். நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து, பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது, மொத்தம் நான்கு பேர். வேலைகளைக் குறித்து வைக்க நானே ஒரு அவுட்லைனர் எழுதினேன். பிரவுசரில் ஓடும். ஒவ்வொரு நூலும் ஒரு தலைப்பு வரி, அதன் கீழே அத்தியாயங்கள், அவற்றின் கீழே செய்ய வேண்டியவை. மடக்கலாம், விரிக்கலாம், மேலே கீழே நகர்த்தலாம். இரண்டு வருடமாக இதில்தான் வேலை நடக்கிறது.

முன்னுரிமைதான் இப்போது தகராறு. மூன்று நிலை வைத்திருக்கிறேன். முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் ஒரு படி ஏறும், கீழ் அம்புக்குறிக்கு ஒரு படி இறங்கும், எல்லைக்கு வந்துவிட்டால் சுற்றி மறுமுனைக்குப் போகும் என்று செய்திருந்தேன். போன வாரம் ஒருவர் அவசரத் திருத்தம் ஒன்றை மேலே ஏற்றுவதாக நினைத்து ஒரு தடவை கூடுதலாகத் தட்டிவிட்டார். அது முதல் நிலையிலிருந்து சுற்றி மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது. எல்லோரும் மூன்றாம் நிலையை மறைத்து வைத்துத்தான் வேலை பார்ப்போம், அதனால் அந்த வரி நான்கு நாள் யார் கண்ணிலும் படவில்லை. நான்காம் நாள் நூலாசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தேடினோம். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தட்டியவர் மேல் தவறில்லை, அப்படித் தவற விடுகிற மாதிரி விசையை வைத்தது நான்.

அப்புறம் ஏ, பி, சி என்று எழுத்து விசைகளை வைத்துப் பார்த்தேன். நாங்கள் நால்வருமே தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்பவர்கள். விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ஏ விசையைத் தட்டினால் அ, பி-க்கு ங, சி-க்கு ஒ. பிரவுசருக்கு அந்தத் தமிழ் எழுத்துதான் வந்து சேருகிறது, முன்னுரிமை விழவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, விசையைத் தட்டி, திரும்பத் தமிழுக்கு வருவது நடக்கிற காரியமில்லை.

கேட்க நினைப்பது இவைதான். படிப்படியாக ஏற்றி இறக்குவது நல்லதா, நிலைக்கு ஒரு விசை என்று நேரடியாகக் கொடுப்பது நல்லதா? எந்த விசைகள்? தலைப்பு வரிக்கு முன்னுரிமை வைத்தால் அதன் உள்வரிகளுக்கும் அது போக வேண்டுமா? நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இது எப்படி இருக்கிறது, கைக்கு எது பழகியது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

நண்பரே, நான் பல வருடமாக ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பியில், குறிப்பும் வேலைப் பட்டியலும் வைக்க உதவும் ஆர்க் மோட் பயன்படுத்துகிறேன். கார்ஸ்டென் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் தொடங்கியது, இன்றும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள். நீங்கள் கேட்ட இரண்டு வழிகளும் அதில் உண்டு, இரண்டையும் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

முன்னுரிமைக் குறிகள் ஏ, பி, சி, ஏ-தான் உயர்ந்தது. படிப்படியாக மாற்ற ஷிஃப்ட்டுடன் மேல், கீழ் அம்புக்குறி. குறியே இல்லாத வரியில் முதல் தட்டில் பி விழும், அடுத்த தட்டில் ஏ. அதற்கும் மேல் தட்டினால் குறி அழிந்துவிடும், இன்னும் தட்டினால் சி-யிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் அலுவலகத்தில் நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. இன்னொரு தொல்லை, அதே விசை கர்சர் தேதியின் மேல் இருந்தால் தேதியை மாற்றும். முன்னுரிமையை ஏற்றுகிறோம் என்று நினைத்துக் கெடு தேதியை நகர்த்திவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. ஒரே விசை இடத்துக்கு இடம் வேறு வேலை செய்வது வசதி மாதிரிதான் தெரியும், ஆனால் அவசரத்தில் கை இடத்தைப் பார்ப்பதில்லை.

நேரடி வழியில் கன்ட்ரோல் சி, பிறகு காற்புள்ளி, பிறகு எழுத்து. மூன்று அசைவு. ஆனால் எங்கே நின்றாலும் எத்தனை தடவை செய்தாலும் ஏ என்றால் ஏ-தான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அதற்கு ஸ்பீட் கமாண்ட்ஸ் என்று பெயர், நாமே அமைப்பில் போய் இயக்க வேண்டும். கர்சர் தலைப்பு வரியின் தொடக்கத்தில், நட்சத்திரக் குறிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் ஒற்றை விசைகள் கட்டளை ஆகிவிடும். 1 தட்டினால் ஏ, 2 தட்டினால் பி, 3 தட்டினால் சி, 0 தட்டினால் குறி நீங்கிவிடும். என் (n) விசை அடுத்த தலைப்புக்கு, பி (p) விசை முந்தைய தலைப்புக்குப் போகும். காலையில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது வரிகளைத் தரம் பிரிக்கும்போது இடது கை எண்ணிலும் வலது கை நகர்வதிலும் இருக்கும், தூற்றும்போது நெல்லும் பதரும் பிரிவது மாதிரி வரிகள் பிரிந்துகொண்டே போகும். வேறு எந்த மென்பொருளிலும் எனக்கு இந்த வேகம் கிடைத்ததில்லை.

இதில் உங்களுக்குத் தேவையான செய்தி ஒன்று இருக்கிறது. ஈமேக்ஸின் உள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறையை இயக்கியிருந்தால், அந்த இடத்தில் நகர்த்தும் எழுத்து விசைகள் தமிழ் எழுத்தாக விழுந்துவிடும், எண்கள் மட்டும் எண்களாகவே போய்ச் சேரும். தமிழ்99-இல் எண் வரிசையை யாரும் தொடவில்லை. ஆகவே ஏ, பி, சி-யை விட்டுவிடுங்கள். 1, 2, 3, 0 போதும்.

நிலைகளைப் பற்றியும் ஒன்று. ஆர்க்கில் குறி இல்லாத வரியும் பி குறி உள்ள வரியும் வரிசைப்படுத்தும்போது ஒரே எடை. அதாவது சி போட்டால், குறியே போடாத வரியைவிடக் கீழே போகும். எனக்கு இது சரியாகப் படுகிறது. சி என்பது "இப்போது வேண்டாம்" என்று தெரிந்தே சொன்னது, குறி இல்லாதது இன்னும் பார்க்காதது, பார்க்காத ஒன்று வேண்டாம் என்று சொன்னதற்குக் கீழே போய்க் கிடக்கக் கூடாது. உங்கள் நூலாசிரியர் விஷயத்திலும் நிலைகளைவிட, மூன்றாம் நிலையை எப்போதும் மறைத்து வைக்கும் பழக்கம்தான் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

---

கடல்தாண்டி எழுதியது:

நான் பாரிசில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்துக்காரன். ஓலைச்சுவடி சொன்ன எண் விசை யோசனை நல்லது, ஆனால் இங்கே இருக்கிற விசைப்பலகையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ.

பிரெஞ்சு விசைப்பலகையில் மேல் வரிசையை வெறுமனே தட்டினால் எண் வராது. 1 இருக்கும் இடத்தில் & வரும், 3 இருக்கும் இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வரும், எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு மென்பொருள் "1 என்ற எழுத்து வந்ததா" என்று பார்த்தால் எனக்கு அது ஒற்றை விசை இல்லை, இரட்டை விசை. அந்த எரிச்சலிலேயே பல மென்பொருட்களின் குறுக்குவிசைகளை நான் பயன்படுத்துவதே இல்லை.

கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து எண் என்று தயவுசெய்து வைக்க வேண்டாம். வேர்ட் மென்பொருளில் கன்ட்ரோல், ஆல்ட், 1 என்றால் முதல் நிலைத் தலைப்பு, 2 என்றால் இரண்டாம் நிலை, அதைப் பார்த்துப் பலர் அப்படியே வைக்கிறார்கள். விண்டோஸில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் வலது பக்க ஆல்ட்-ஜிஆர் விசைக்குச் சமம். இங்கே ஆல்ட்-ஜிஆருடன் 3 இருக்கும் விசையைத் தட்டினால் # வரும், 4-க்கு நெளிவு அடைப்பு, 0-க்கு @. ஜெர்மனியில் இருக்கிற என் தங்கைக்கு க்யூ விசையில் @, ஈ விசையில் யூரோ குறி. நாங்கள் மின்னஞ்சல் முகவரி எழுதப் போக உங்கள் மென்பொருள் முன்னுரிமையை மாற்றிவிடும்.

ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்த விசைகளும் எங்களுக்குக் கஷ்டம். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் மொழியை மாற்றும் விசை. வேர்டின் அவுட்லைனில் வரியை நகர்த்த ஆல்ட், ஷிஃப்ட், அம்புக்குறி என்று இருக்கிறது, அம்புக்குறியைத் தட்டத் தவறிக் கையை எடுத்தால் தமிழ் பிரெஞ்சாக மாறிக் கிடக்கும், இரண்டு சொல் எழுதிய பிறகுதான் விளங்கும். இரண்டு மூன்று மொழியில் எழுதுகிற ஆட்களுக்கு இந்த விசைகள் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டன.

---

பின்னலாடை எழுதியது:

நான் வெப் டெவலப்பர். கடல்தாண்டி சொன்னதற்கும் வயல்வரப்பின் அ, ங, ஒ பிரச்சினைக்கும் மருந்து ஒன்றுதான்.

விசை தட்டப்பட்டால் பிரவுசர் இரண்டு தகவல் தரும். ஒன்று "கீ", என்ன எழுத்து விழுந்தது என்பது. இன்னொன்று "கோட்", பலகையில் எந்த இடத்து விசை என்பது. எழுத்து மொழிக்கு மொழி மாறும், இடம் மாறாது. தமிழ்99 ஓடினாலும் பிரெஞ்சு ஓடினாலும் மேல் வரிசையின் முதல் எண் விசைக்கு கோட் "டிஜிட்1"தான். கோட்டைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். லினக்ஸில் தமிழ் எண்களுடன் கூடிய தமிழ்99 அமைப்பு ஒன்று உண்டு, அதில் 1 தட்டினால் ௧ விழும். எழுத்தைப் பார்க்கும் நிரல் அங்கே தோற்றுவிடும், இடத்தைப் பார்க்கும் நிரல் பிழைக்கும். வலது பக்க எண் பலகைக்கு மட்டும் கோட் வேறு, "நம்பேட்1" என்று வரும். கணக்கு வேலை பார்த்துப் பழகியவர்கள் கை அங்கேதான் போகும், அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் எல்லாக் குறுக்குவிசைக்கும் கோட்டைப் பார்க்க வேண்டாம். "பி என்றால் பிரின்ட்" மாதிரி எழுத்தின் பெயரால் நினைவு வைக்கும் விசைகளுக்கு எழுத்தைப் பார்ப்பதுதான் முறை. எண் வரிசைக்கும் அம்புக்குறிக்கும் இடம்தான் அடையாளம்.

அடுத்து, ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறவர்கள். "அம்மா"வுக்கு ஆங்கில எழுத்தைத் தட்டினால் பரிந்துரைப் பட்டியல் திறக்கும், அதில் 1, 2, 3 தட்டித்தான் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் நிரல் 2-ஐப் பிடுங்கினால் சொல்லும் போச்சு, முன்னுரிமையும் தவறாக விழும். சொல் பாதியில் இருக்கும்போது பிரவுசர் "இஸ்கம்போசிங்" என்று ஒரு கொடியை உயர்த்தி வைக்கும், சில இடங்களில் கீகோட் 229 என்று வரும். இரண்டில் எது தெரிந்தாலும் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

கன்ட்ரோலுடன் எண் வைப்பதும் வேண்டாம், விண்டோஸ் குரோமில் கன்ட்ரோல் 1 முதல் 8 வரை டேப் மாற்றும், 9 கடைசி டேப். லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸில் அதே வேலையை ஆல்ட் செய்யும். மேக்கில் ஆப்ஷனுடன் எண் தட்டினால் வேறு குறிகள் விழும், அமெரிக்க அமைப்பில் 2-க்கு ட்ரேட்மார்க் குறி, 3-க்கு பவுண்டு குறி. துணை விசையோடு சேர்த்து எங்கும் பொருந்தும் எண் கூட்டு ஒன்றுகூட மிஞ்சாது, நான் தேடி அலுத்துவிட்டேன். ஒற்றை எண்தான் வழி, அதற்கு எழுதும் நிலை வேறு, வரியைத் தேர்ந்த நிலை வேறு என்று பிரித்தாக வேண்டும்.

---

வயல்வரப்பு எழுதியது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். நேற்று இரவே கோட்டைப் பார்க்கும்படி மாற்றினேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுபோல வேலை செய்கிறது. எண் பலகையையும் சேர்த்தேன், எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதில்தான் தட்டுகிறார் என்று இன்று காலைதான் கவனித்தேன்.

எஸ்கேப் தட்டினால் எழுதும் நிலையிலிருந்து வெளியே வந்து வரி முழுதும் தேர்வாகும், என்டர் தட்டினால் மறுபடி உள்ளே. வெளியே இருக்கும்போது எண்கள் முன்னுரிமை. இப்போது என் பயம், உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரியாமல் ஒருவர் "2 பக்கம் விட்டுப்போனது" என்று எழுதத் தொடங்கினால்? முதல் எழுத்தே முன்னுரிமையை மாற்றிவிடும்.

---

புல்லாங்குழல் எழுதியது:

நான் பார்வையற்றவன், என்விடிஏ திரைவாசிப்பான் கொண்டு வேலை பார்க்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வி எங்களுக்கு அன்றாடக் கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

என்விடிஏவில் இரண்டு நிலை உண்டு. பக்கத்தை உலாவும் நிலையில் 1 முதல் 6 வரை தட்டினால் அந்த நிலைத் தலைப்புகளுக்குத் தாவும். பெட்டிக்குள் எழுதும் நிலையில் விசைகள் நேராக மென்பொருளுக்குப் போகும். நிலை மாறும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு ஒலி வரும், உள்ளே போக ஒன்று, வெளியே வர வேறொன்று. அந்த ஒலி இல்லாவிட்டால் நான் ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது. நீங்களும் நிலை மாறுவதைக் கண்ணுக்குப் பெரிதாகக் காட்டுங்கள், கர்சர் வடிவம் மட்டும் மாறினால் போதாது. வரி முழுவதும் நிறம் மாறட்டும். என்னைப் போன்றவர்களுக்கு அறிவிப்புப் பகுதி வழியாக "வரி தேர்வு", "எழுதுதல்" என்று சொல்லட்டும்.

உங்கள் பட்டியல் வெறும் பத்திகளாக இருந்தால் நான் 2 தட்டும்போது என்விடிஏ அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் நிலைத் தலைப்பைத் தேடப் போய்விடும், உங்களுக்கு வந்து சேராது. வரிகளை மர அமைப்பு என்று நிரலில் சரியாக அறிவித்தால், அதற்குள் வந்ததும் என்விடிஏ தானே விசைகளை உங்களிடம் விட்டுவிடும். அவுட்லைனர் என்பதே மரம்தானே, அப்படி அறிவிப்பது உங்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, இது பரிந்துரை இல்லை, அவசியம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பு 2018-இல் வந்தது. அதில் ஒற்றை எழுத்து, ஒற்றை எண் குறுக்குவிசைகளுக்கென்றே 2.1.4 என்ற விதி இருக்கிறது, அடிப்படை நிலையிலேயே. அந்த விசைகளை அணைக்க முடிய வேண்டும், அல்லது துணை விசை சேர்த்து மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் இயங்க வேண்டும். பேசி எழுதுகிறவர்களை நினைத்து வந்த விதி அது. அவர்கள் பேசுகிற சொல் தவறான இடத்தில் போய் விழுந்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாக ஓடிவிடும். உங்கள் "2 பக்கம் விட்டுப்போனது" அதே கதைதான்.

முன்னுரிமை மாறியதும் "முன்னுரிமை 1" என்று சொல்ல வைத்தால் போதும், வரி முழுவதையும் மறுபடி படிக்க வைக்க வேண்டாம். நாற்பது வரி பிரிக்கும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்பது களைப்பு. நிறத்தால் மட்டும் நிலையைக் காட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அப்படியே.

---

மேசைவிளக்கு எழுதியது:

எல்லோரும் குறுக்குவிசையைப் பற்றியே பேசுவதால் வேறு வழி ஒன்றைச் சொல்கிறேன். எதற்கு விசை? வரியிலேயே எழுதிவிடலாம்.

ஜினா ட்ராபானி 2006-இல் தொடங்கிய டூடூ.டெக்ஸ்ட் என்ற எளிய வடிவத்தில் வரியின் முதலில் பிறை அடைப்புக்குள் ஒரு பெரிய எழுத்து, அவ்வளவுதான் முன்னுரிமை. டூடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியில் வேலையை எழுதும்போதே பி1, பி2 என்று தட்டினால் அது புரிந்துகொள்ளும், லாக்சீக் என்ற குறிப்புச் செயலியில் சாய்கோடு போட்டு ஏ என்று தட்டினால் குறி விழும். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கை ஏற்கெனவே எழுத்தில்தான் இருக்கிறது, எஸ்கேப் தட்டி வெளியே வந்து, எண் தட்டி, உள்ளே போவது எதற்கு? ஆச்சரியக்குறியும் எண்ணும் சேர்த்து !1 என்று வரியின் கடைசியில் தட்டினால் நிலை 1 என்று வையுங்கள். தமிழ்99-இலும் ஷிஃப்ட் 1-க்கு ஆச்சரியக்குறிதான். எங்கே எழுதினாலும் செல்லும், கைபேசியிலும் செல்லும். கைபேசியில் எஸ்கேப் விசை எங்கே இருக்கிறது?

டூடூயிஸ்ட்டைப் பார்த்து எதையாவது இணைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் பி1 உயர்ந்தது, பி4 சாதாரணம். ஆனால் நிரலுக்குக் கொடுக்கும் இடைமுகத்தில் 4 என்றால் அவசரம், 1 என்றால் சாதாரணம். தலைகீழ்.

---

ஓலைச்சுவடி எழுதியது:

மேசைவிளக்கு, நீங்கள் சொல்வதை எழுதும் நேரத்துக்கு முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். தொலைபேசியில் ஒருவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளும்போது !1 என்று தட்டுவதைவிட இயல்பானது இல்லை. ஆனால் முன்னுரிமை வைப்பது இரண்டு நேரத்தில் நடக்கிறது. ஒன்று, வேலை வந்து விழும்போது, அப்போது ஒரு வரிதான். இன்னொன்று, காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து எது முதலில் என்று முடிவு செய்யும்போது, அப்போது ஐம்பது வரி, எதையும் எழுதப் போவதில்லை, பார்த்துப் பிரிக்க மட்டும் போகிறோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு வரியின் உள்ளே புகுந்து !2-ஐ அழித்து !1 என்று எழுதச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், பழைய முன்னுரிமையே வாரக்கணக்கில் கிடக்கும், பிறகு அந்தக் குறிகளை யாரும் நம்ப மாட்டார்கள். வயல்வரப்பு இரண்டையும் வைக்க வேண்டும் என்பேன். உள்ளே எழுத்து, வெளியே எண்.

பிரிக்கும் நேரத்துக்கு இரண்டு எச்சரிக்கை. ஒரே எண்ணை இரண்டாம் தடவை தட்டினால் குறி நீங்கிவிடும் என்று சிலர் வைப்பார்கள், தயவுசெய்து அப்படி வேண்டாம். ஏற்கெனவே 1 உள்ள வரியில் நிற்கிறேன், ஆம் இது 1-தான் என்று உறுதி செய்து 1 தட்டுகிறேன், குறி போய்விட்டால் என்ன ஆகும்? 1 என்றால் எப்போதும் 1, நீக்க 0.

அடுத்தது, முன்னுரிமை மாற்றியவுடன் வரியைத் தூக்கி மேலே போடாதீர்கள். வரி ஓடிவிட்டால் கர்சர் எங்கே நிற்கிறது என்று கண் தேடும், அடுத்த எண் தவறான வரியில் விழும். ஆர்க்கில் அஜெண்டா என்ற வேலைப் பட்டியல் பார்வையில் குறி உடனே மாறும், வரி அதே இடத்தில் நிற்கும், புதுப்பிக்கச் சொல்லி விசை தட்டினால்தான் வரிசை மாறும். அதே காரணத்தால், வடிகட்டி போட்டிருக்கும்போது 3 தட்டினால் அந்த வரி சட்டென்று மறையக் கூடாது. மங்கலாகி அங்கேயே நிற்கட்டும். உங்கள் திருத்த வரி மங்கலாக அங்கேயே நின்றிருந்தால் தட்டியவரே அந்த நொடியில் பார்த்திருப்பார்.

---

பின்னலாடை எழுதியது:

உள்வரி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கீழே இறக்கக் கூடாது. "ஆறாம் அத்தியாயம்" அவசரம் என்றால் அதன் கீழ் உள்ள இருபது வரியும் அவசரம் ஆகிவிட்டால் முதல் நிலையில் இருபத்தொரு வரி இருக்கும், அப்புறம் முதல் நிலைக்குப் பொருளே இல்லை. ஆர்க்கிலும் குறிச்சொற்கள் கீழே போகும், முன்னுரிமை போகாது. அதற்குப் பதில் மேல்நோக்கிக் காட்டுங்கள். மடக்கியிருக்கும் தலைப்பின் உள்ளே நிலை 1 வரி ஏதாவது இருந்தால் தலைப்பின் ஓரத்தில் ஒரு சின்ன 1 தெரியட்டும். அவுட்லைனரில் எது காணாமல் போகிறது என்று பார்த்தால், மடிப்புக்குள் இருப்பதுதான் போகிறது.

பின்னால் நாட்காட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ஐகேலண்டர் தரம், ஆர்எஃப்சி 5545, 2009-இல் வந்தது, அதில் முன்னுரிமை 0 முதல் 9 வரை. 0 என்றால் வரையறுக்கவில்லை, 1 மிக உயர்ந்தது, 9 மிகத் தாழ்ந்தது. மூன்று நிலை மட்டும் உள்ள மென்பொருளுக்கு 1 முதல் 4 வரை உயர்வு, 5 நடு, 6 முதல் 9 வரை தாழ்வு என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மூன்றை 1, 5, 9 என்று அனுப்புங்கள், 0 அப்படியே 0. உங்கள் 0 விசையும் அதோடு பொருந்திவிடுகிறது.

---

வயல்வரப்பு எழுதியது:

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். எஸ்கேப் தட்டினால் வரி தேர்வாகி, வரி முழுவதும் பின்னணி நிறம் மாறும், அறிவிப்புப் பகுதியிலும் சொல்லும். அப்போது 1, 2, 3 முன்னுரிமை, 0 நீக்கம், எத்தனை தடவை தட்டினாலும் அதே. மேல் கீழ் அம்புக்குறியில் நகரலாம். சுற்றிவரும் விசையை அடியோடு எடுத்துவிட்டேன். எழுதும்போது !1, !2, !3 எழுதி இடைவெளி விட்டால் குறியாக மாறும், வேண்டாமென்றால் ஒரு பேக்ஸ்பேஸில் எழுத்தாகத் திரும்பும். வரி நகராது, மறையாது, மங்கலாகும், ஆர் விசை தட்டினால்தான் வரிசைப்படும். ஒற்றை எண் விசைகளை அணைக்க அமைப்பில் ஒரு தேர்வு வைத்தேன். வரிகளை மரமாக அறிவித்துவிட்டேன். மடக்கிய தலைப்பில் சின்ன 1 தெரிகிறது. அதை வைத்தவுடனேயே அலுவலகத்தில் மறந்துகிடந்த மூன்று வரி வெளியே வந்தது, ஒன்று அச்சுக்குப் போகவேண்டிய நூலின் பொருளடக்கத் திருத்தம்.

"2 பக்கம் விட்டுப்போனது" பிரச்சினைக்கு ஒன்று செய்தேன், சரியா என்று சொல்லுங்கள். வரி தேர்வு நிலையில் எண்ணைத் தொடர்ந்து அரை நொடிக்குள் இடைவெளியோ எழுத்தோ வந்தால், அவர் எழுத நினைத்தார் என்று எடுத்துக்கொண்டு முன்னுரிமையைப் பழையபடி வைத்து, தட்டிய எல்லாவற்றையும் வரிக்குள் போடுகிறேன்.

---

புல்லாங்குழல் எழுதியது:

அந்த அரை நொடி வேண்டாம். விரல் மெதுவாகச் செல்பவர்களுக்கு ஒரு மாதிரியும் வேகமாகத் தட்டுபவர்களுக்கு வேறு மாதிரியும் நடக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. வரி தேர்வு நிலையில் கட்டளை அல்லாத எழுத்து வந்தால் எதுவும் செய்யாமல் "எழுத என்டர்" என்று சொல்லுங்கள், முன்னுரிமை தவறாக மாறியிருந்தால் கன்ட்ரோல் இசட் ஒரே தட்டில் திருப்பட்டும். முன்னுரிமை மாற்றம் திருப்பும் வரிசையில் தனிப் படியாக இருக்கிறதா?

---

வயல்வரப்பு எழுதியது:

இல்லை, அடுத்து எழுதிய எழுத்துகளோடு சேர்ந்து ஒரே படியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது பிரித்துவிட்டேன். அரை நொடியையும் எடுத்துவிட்டேன், நீங்கள் சொன்ன அறிவிப்பை வைத்துவிட்டேன்.

---

கடல்தாண்டி எழுதியது:

பிரெஞ்சுப் பலகையில் பார்த்துவிட்டேன், ஷிஃப்ட் இல்லாமல் நான்கு விசையும் வேலை செய்கிறது. !1 மட்டும் ஒன்று கவனியுங்கோ. இங்கே பிரெஞ்சு எழுதுகிறவர்கள் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இடைவெளி விடுவார்கள், பிறகு எண்ணோடு அடுத்த வாக்கியம் தொடங்கினால் குறியாக மாறிவிடப் பார்க்கும். வரியின் கடைசியில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள், நடுவில் வேண்டாம்.

---

வயல்வரப்பு எழுதியது:

சரி, கடைசியில் இருந்தால் மட்டும். இன்று இரவு அதையும் மாற்றிவிடுகிறேன்.